கோல்ஃப் கேடி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், அவர்களைச் சேர்க்கிற கிளப்புகளுக்கும்

2001 பிரிட்டிஷ் ஓப்பன், கடைசி நாள். ராயல் லித்தம் மைதானத்தின் முதல் ஹோலில் (ஒரு குழியில் முடிகிற ஆட்டப் பகுதி, ஒரு முழு ஆட்டத்துக்கு 18) வேல்ஸ் வீரர் இயன் வூஸ்னம் பந்தைக் குழிக்கு ஒட்டி அடித்து, ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, மிச்சம் பிடித்து, முன்னணி வரிசைக்கு வந்துவிட்டார். இரண்டாவது ஹோலின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தில், நின்றபோது அவருடைய கேடி (மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்து உதவுகிறவர்) ஒரு விஷயத்தைச் சொன்னார்: பையில் இரண்டு டிரைவர் (தூரமாக அடிக்கிற பெரிய மட்டை) இருக்கின்றன. மொத்தம் 15 மட்டை. விதிப்படி 14-க்கு மேல் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். வூஸ்னம் அந்தப் போட்டியைச் சமநிலை மூன்றாம் இடத்தோடு முடித்தார்.

மட்டைகளை எண்ண அரை நிமிடம் போதும். கேடி வேலை முழுக்க இப்படிப்பட்ட அரை நிமிடங்களால் ஆனது. பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதில் ஒரு பங்குதான். மீதிப் பங்கைக் கற்றுக்கொண்டவரை ஆட்டக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் பகுதி, இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு. இரண்டாவது பகுதி கிளப் கமிட்டியில் இருப்பவர்களுக்கு. இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு கிளப்பில் கேடிகள் சரியில்லை என்று உறுப்பினர்கள் புலம்பினால், பெரும்பாலும் அந்த கிளப்பின் ஏற்பாடு சரியில்லை என்று அர்த்தம். கற்றுக்கொடுக்காமல், நேரத்துக்குப் பணம் கொடுக்காமல், உட்கார நிழல்கூடக் கொடுக்காமல் நல்ல கேடி வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

முதல் படி: ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள்

18 ஹோல் நடந்தால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் ஆகும். நாலு மணி நேரத்துக்குக் குறையாது. வெறும் வயிற்றோடு வராதீர்கள். பிடிமானமுள்ள ஷூ, தொப்பி, தண்ணீர், பென்சில், சின்ன நோட்டு, பந்து அடையாளம் வைக்க ஒரு காசு, கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் சின்ன முள்கருவி, இவ்வளவும் உங்களிடம் இருக்கட்டும்.

துண்டு மிக முக்கியம். பாதியை நனைத்துப் பிழிந்து, பாதியை உலர்ந்தபடி விடுங்கள். ஈரப் பாதியால் மட்டையின் முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, உலர்ந்த பாதியால் ஈரத்தை எடுங்கள். மட்டை முகத்தில் உள்ள கோடுகளில் மண் அடைத்திருந்தால் பந்து சரியாகச் சுழலாது, கிரீனில் விழுந்து நிற்காமல் ஓடும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் துடைத்து வைப்பவரை ஆட்டக்காரர் இரண்டாவது ஹோலிலேயே கவனித்துவிடுவார்.

பை கைக்கு வந்ததும் மட்டைகளை எண்ணுங்கள். அவர் எந்த கம்பெனிப் பந்தை, எந்த எண்ணோடு ஆடுகிறார், அதில் என்ன குறி போட்டிருக்கிறார் என்று கேட்டு மனதில் வையுங்கள். ரஃபில் (நீளமாகப் புல் வளர்ந்த ஓரப் பகுதியில்) இரண்டு பந்து கிடைக்கிறபோது இது தேவைப்படும். "வணக்கம் சார், இன்னிக்கு நான்தான் உங்க கேடி" என்று பெயர் சொல்லி ஆரம்பித்தால் பாதி இறுக்கம் போய்விடும்.

இரண்டாவது படி: மைதானத்தைத் தனியாக நடந்து படியுங்கள்

இதற்குக் குறுக்கு வழி இல்லை. யாரும் ஆடாத நேரத்தில், கேடிகளுக்குப் பொறுப்பான கேடி மாஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக நடங்கள். முதலில் உங்கள் நடையை அளந்துகொள்ளுங்கள். டேப் பிடித்து 50 யார்டு குறித்து, சாதாரணமாக நடந்து எத்தனை காலடி என்று எண்ணுங்கள். ஒரு காலடி ஒரு யார்டுக்குச் சரியாக வரும்வரை பழகுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஹோலிலும் மூன்று தூரம் தெரிந்திருக்க வேண்டும்: கிரீனின் முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு. ஒரு பெரிய கிரீனில் முன்னுக்கும் பின்னுக்கும் 30 யார்டு வித்தியாசம் வரலாம். அது மூன்று மட்டை வித்தியாசம். "150 யார்டு சார்" என்று மட்டும் சொன்னால் போதாது. கொடிக்கு 150, முன் பங்கரை (மணல் குழியை) தாண்ட 138, கொடிக்குப் பின்னால் இடம் எட்டு யார்டு என்று சொன்னால்தான் அவரால் முடிவெடுக்க முடியும். பல மைதானங்களில் கொடியின் நிறமே முன், நடு, பின் என்று காட்டிக்கொடுக்கும். சிவப்பு முன்னால், வெள்ளை நடுவில், நீலம் பின்னால் என்பது பரவலான வழக்கம். உங்கள் கிளப்பில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பலரிடம் தூரம் காட்டும் கருவி இருக்கிறது. உள்ளூர் விதி தடுக்காத வரை அதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதியைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. கருவி வந்துவிட்டதால் கேடிக்கு வேலை குறையவில்லை. கொடி வரை எத்தனை யார்டு என்று கருவி சொல்லும். மரத்துக்கு மேலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, இந்த ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டிவிட்ட புல்வெளியில்) பந்து விழுந்த பிறகு எவ்வளவு ஓடும், இதையெல்லாம் அங்கே நூறு முறை நடந்தவர்தான் சொல்ல முடியும்.

மலை மைதானங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே குறைவு. சென்னையில் 150 யார்டு போகிற அடி அங்கே 160-ஐத் தாண்டும். சமவெளியிலிருந்து வந்த ஆட்டக்காரர் முதல் மூன்று ஹோலிலும் கிரீனைத் தாண்டி அடித்துத் திகைப்பதைவிட, முதல் டீயிலேயே அவருக்கு அதைச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது படி: எங்கே நிற்பது, எப்போது நகர்வது

டீயில் ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகும்போது அவருடைய முகத்தைப் பார்க்கிற பக்கமாக, கொஞ்சம் தள்ளி, அசையாமல் நில்லுங்கள். உங்கள் நிழல் பந்தின் மேல் விழக் கூடாது. நடக்கும்போது மட்டைத் தலைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாமல் ஒரு கையை அவற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து பறக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். அது இறங்குகிற இடத்தை ஏதாவது ஒரு நிலையான பொருளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: "இரண்டாவது வேப்பமரத்துக்கு இடது பக்கம், அந்தக் காய்ந்த திட்டுக்கு முன்னால்." தேடுவதற்கு விதி கொடுக்கிற நேரம் மூன்று நிமிடம். 2019-க்கு முன்பு ஐந்தாக இருந்தது. பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், டீயை விட்டு நகரும் முன்பே "சார், புரொவிஷனல் ஒண்ணு அடிச்சிடலாமா?" என்று கேளுங்கள். புரொவிஷனல் என்றால் முதல் பந்து கிடைக்காவிட்டால் தொடர்ந்து ஆட வைக்கிற மாற்றுப் பந்து. நடந்து போய்த் திரும்பி வருவது எல்லோருக்கும் எரிச்சல். கல்கத்தா போன்ற பழைய இந்திய கிளப்புகளில் பந்து விழுகிற இடத்தைப் பார்க்கவென்றே முன்னால் ஓர் ஆளை நிறுத்துகிற வழக்கம் உண்டு. அவருக்கு ஆகேவாலா என்று பெயர். பல கேடிகள் அந்த வேலையில்தான் தொடங்கினார்கள்.

ஆட்டக்காரர் பந்தை அடையும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பங்கருக்குள் தாழ்வான பக்கமாக இறங்குங்கள், செங்குத்தான கரையில் இறங்கினால் மண் சரியும். பந்து வெளியே போன பிறகு கால்தடம், மட்டைத்தடம் எல்லாவற்றையும் ரேக் போட்டுச் சமப்படுத்திவிட்டு வாருங்கள்.

கிரீனில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பையைக் கிரீனுக்கு வெளியே, அடுத்த டீ இருக்கிற பக்கமாக வையுங்கள். யாருடைய பந்துக்கும் குழிக்கும் நடுவில் உள்ள பாதையை மிதிக்காதீர்கள், தாண்டிப் போங்கள். பந்தை அடையாளம் வைத்து எடுத்துத் துடைத்துக் கொடுங்கள். கிரீனில் இதைச் செய்ய ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை, 2019 விதிகள் அதை அனுமதிக்கின்றன. பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும்போது முள்ளை ஓரத்தில் குத்தி நடுவை நோக்கித் தள்ளுங்கள். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து புல் செத்துவிடும். தள்ளி முடித்து, பட்டரின் (கிரீனில் பந்தை உருட்டுகிற மட்டையின்) அடியால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

கொடியைப் பிடிக்கச் சொன்னால், துணி படபடக்காமல் கம்போடு சேர்த்துப் பிடியுங்கள். கம்பை முன்கூட்டியே ஒருமுறை அசைத்துத் தளர்த்தி வையுங்கள். பந்து வரும்போது கம்பு குழியில் இறுகிக்கொண்டு வராமல் போனால் சங்கடம். உங்கள் நிழல் குழியின் மேலோ பந்தின் பாதையிலோ விழாத பக்கமாக நில்லுங்கள்.

விதியில் ஒன்றைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். ஆட்டக்காரர் அடிப்பதற்குக் கால் வைத்து நிற்கத் தொடங்கிவிட்டால், பந்துக்குப் பின்னால் நேர்கோட்டில் கேடி நிற்கக் கூடாது. 2019 ஜனவரியில் துபாய் போட்டியில் சீன வீரர் லீ ஹாவ்டோங்குக்குக் கடைசி ஹோலில் இதற்காக இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் விழுந்தது. அப்போது விதி புதிது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதற்கு விளக்கமும் வந்தது. நீங்கள் செய்கிற விதிமீறலுக்கு அபராதம் கட்டுவது ஆட்டக்காரர் என்பதால், சந்தேகம் வந்தால் நகர்ந்து பக்கவாட்டில் நின்றுவிடுங்கள்.

நான்காவது படி: பேச்சு

என்னைக் கேட்டால், சாதாரண கேடியிலிருந்து மிக நல்ல கேடியைப் பிரிப்பது இதுதான். தூரம், காற்று, சரிவு ஆகிய தகவல்களைக் கேட்காமலே சொல்லலாம், சுருக்கமாக. எந்த மட்டை எடுப்பது என்ற கருத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்டபோது ஒரே பதிலாகச் சொல்லுங்கள். "ஆறாம் நம்பர் மட்டையும் எடுக்கலாம், ஏழாம் நம்பரும் எடுக்கலாம்" என்று சொன்னால் அவர் குழப்பத்தோடு அடிப்பார், குழப்பத்தோடு அடித்த பந்து எங்கேயும் போகும்.

"சார், கொடிக்கு 145. காத்து எதிர்ல இருக்கு. ஆறு எடுங்க, இடது மரத்தைப் பார்த்து அடிங்க."

இவ்வளவு போதும். வலது பக்கம் குளம் இருப்பதை அவர் பார்த்துவிட்டார். "தண்ணில போட்டுடாதீங்க" என்றால் அவர் மனதில் தண்ணீர் மட்டுமே நிற்கும். எங்கே அடிக்க வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் சொல்லுங்கள். மோசமான அடிக்குப் பிறகு ஆறுதல் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மட்டையை வாங்கித் துடைத்துவிட்டு, அடுத்த அடிக்குத் தூரம் பார்க்கப் போங்கள்.

அவருடைய ஸ்விங்கைத் திருத்தப் போகாதீர்கள். இதற்கு அழகான விதிவிலக்கு ஒன்று உண்டு. 1995-ல் அமெரிக்காவின் ஆகஸ்டா மைதானத்தில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி தொடங்குவதற்கு முன்பு அமெரிக்க வீரர் பென் கிரென்ஷா நன்றாக ஆடவில்லை. அந்த வாரம்தான் தன் குருவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். பயிற்சியின்போது ஆகஸ்டா மைதானத்தின் கேடி கார்ல் ஜாக்சன் அவரிடம் இரண்டு விஷயம் சொன்னார்: பந்தைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து ஆடுங்கள், தோள் திரும்புவதை இறுக்கமாக்குங்கள். கிரென்ஷா அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டம் வென்றார். ஆனால் ஜாக்சன் 1976-லிருந்து அவருக்குப் பை தூக்கியவர், 1984-ல் இதே பட்டத்தை அவரோடு வென்றவர். அத்தனை வருடப் பழக்கம் கொடுத்த உரிமை அது. உங்களுக்கு முதல் வாரத்தில் அந்த உரிமை கிடையாது.

அப்புறம் நேர்மை. கோல்ஃபில் பக்கத்தில் நடுவர் நடந்து வருவதில்லை. பந்தயம் கட்டி ஆடுகிற கூட்டங்களில் ரஃபில் கிடக்கிற பந்தைக் காலால் தள்ளிவிடும்படி கேடியிடம் கண் ஜாடை காட்டுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். "சார், அது என்னால முடியாது, மன்னிச்சிக்கோங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நகருங்கள். ஒருநாள் டிப் போகலாம். செய்தால் மற்ற மூன்று ஆட்டக்காரர்களும் உங்களை மறக்கவே மாட்டார்கள். அதேபோல மைதானத்தில் காதில் விழுகிற குடும்ப விஷயம், வியாபார விஷயம் எதுவும் கேடிகள் காத்திருக்கிற ஷெட்டுக்கு வரக் கூடாது.

கிளப்புகள் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு நல்ல கேடி மாஸ்டரை நியமியுங்கள். முன்னாள் கேடியாக இருந்தால் நல்லது. அவருடைய முதல் பொறுப்பு வரிசை. யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதல் ஆட்டம், டோக்கனில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி. பெயர் சொல்லிக் கேட்கிற உறுப்பினர்களுக்கு முந்தின நாள் மாலைக்குள் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். விடிகாலை ஐந்தரைக்கு வந்து காத்திருப்பவரைத் தாண்டி, எட்டு மணிக்கு வந்த வேண்டப்பட்டவருக்குப் பை போனால், அந்த ஷெட்டில் மரியாதை என்பதே போய்விடும்.

இரண்டாவது, பயிற்சி. இரண்டு நாள் வகுப்பு, பிறகு மூத்த கேடியோடு சில ஆட்டங்கள் பை இல்லாமல் கூடவே நடப்பது, பிறகு ஒன்பது ஹோல் தேர்வு. தேர்வில் பை தூக்குகிற வேகத்தை அளக்க வேண்டாம். பந்தைக் கண்டுபிடிக்கிறாரா, தூரம் சரியாகச் சொல்கிறாரா, பள்ளத்தைச் சரிசெய்கிறாரா என்று பாருங்கள். ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிற கிளப்புகள் அடுத்த தரத்துக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி ஷெட்டில் ஒட்டுங்கள். கற்றுக்கொடுக்கிற மூத்த கேடிக்கு அந்த நாளுக்கான பணத்தைக் கொடுங்கள், இலவசமாக யாரும் நன்றாகச் சொல்லித்தர மாட்டார்கள்.

மூன்றாவது பணம், இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒன்பது ஹோலுக்கு எவ்வளவு, பதினெட்டுக்கு எவ்வளவு, மழையால் பாதியில் நின்றால் எவ்வளவு என்று பலகையில் போட்டுவிடுங்கள். பணம் அன்றைக்கே கையில் சேர வேண்டும். டிப் என்பது உறுப்பினரின் விருப்பம், அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் நாட்டில் பல கிளப்புகளில் கேடிகள் சம்பளப் பட்டியலில் இல்லை. அதனால் பி.எஃப், இ.எஸ்.ஐ எதுவும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பந்து தலையில் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்விக்குக் கமிட்டியிடம் பதில் இருக்க வேண்டும். குழு விபத்துக் காப்பீடு எடுப்பது கிளப்புக்குப் பெரிய செலவே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து நல நிதி வைத்தால், பள்ளிக் கட்டணக் காலத்தில் வட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்காது.

ஷெட்டில் நிழல், மின்விசிறி, குடிநீர், கழிப்பறை, பூட்டு போடும் அலமாரி இருக்கட்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம். தாய்லாந்தில் கேடிகளில் பெரும்பாலோர் பெண்கள்தான். 1990-ல் இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோ மாஸ்டர்ஸ் வென்றபோது பை தூக்கியவர் ஸ்வீடனின் ஃபேனி சூனசன். நம் ஊரில் பெண்கள் இந்த வேலைக்கு வரவில்லை என்று சொல்கிற கிளப்பில் அவர்கள் உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடி மின்னல் வந்தால் சைரன் ஊதி எல்லோரையும் உள்ளே அழைப்பதும், சென்னை மே மாதத்தில் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் வைத்திருப்பதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

வயது விஷயத்தில் தயங்காதீர்கள். 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தராது. என் கருத்து, 18 முடியாமல் சேர்க்கவே வேண்டாம். பள்ளிக்கூட நாளில் ஒரு பையன் பை தூக்கி நிற்பதைப் பார்த்தும் உறுப்பினர்கள் பேசாமல் ஆடிக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத காட்சி.

கடைசியாக, மேலே போக வழி. அமெரிக்காவில் சிக் எவான்ஸ் என்ற வீரர், தானே சிறுவயதில் கேடியாக இருந்தவர், கேடிகளைக் கல்லூரிக்கு அனுப்ப ஓர் உதவித்தொகையை உருவாக்கினார். 1930-ல் இரண்டு மாணவர்களோடு தொடங்கியது, இன்று ஆயிரக்கணக்கானோரைப் படிக்க வைத்துவிட்டது. இந்தியாவில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமலே கேடிகள் சாதித்திருக்கிறார்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் ஆனார். 1993-ல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். இவர்கள் இருவருக்கும் பொதுவானது, ஆடிப் பார்க்க மைதானம் கிடைத்தது. திங்கட்கிழமை பராமரிப்புக்காக மைதானம் உறுப்பினர்களுக்கு மூடியிருக்கிற கிளப்புகளில் அன்று சில மணி நேரத்தைக் கேடிகளுக்குத் திறந்துவிடுங்கள். உறுப்பினர்கள் வீட்டில் தூசி படிந்து கிடக்கிற பழைய மட்டைகளைச் சேகரித்து ஷெட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு கேடி டோர்னமென்ட் நடத்துங்கள். ஆடுகிற கேடிக்கு மைதானம் புரிகிற விதமே வேறு. எல்லோரும் வீரர் ஆக முடியாது, ஆனால் புல் பராமரிப்பு, பயிற்சியாளர் படிப்பு, ஸ்டார்ட்டர் வேலை (முதல் டீயில் ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்புவது) என்று கிளப்புக்குள்ளேயே இடங்கள் இருக்கின்றன. வெளியில் ஆள் தேடும் முன்பு ஷெட்டில் கேளுங்கள்.

உறுப்பினர்களுக்கும் ஒரு தாள் கொடுங்கள். கேடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மட்டையை வீசி எறியாமல் இருப்பது, தவறான அடிக்குக் கேடியைத் திட்டாமல் இருப்பது, ஒன்பதாவது ஹோலில் அவருக்கும் தண்ணீர் வாங்கித் தருவது, இவை அதில் இருக்கட்டும். மீறினால் கமிட்டி எழுத்தில் கேட்க வேண்டும், கேடியின் புகாருக்கும் உறுப்பினரின் புகாருக்கும் ஒரே படிவம்.

இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிற கமிட்டிக்காரர், அடுத்த சனிக்கிழமை விடிகாலை கேடி ஷெட்டில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். கையில் ஒரு நோட்டு இருந்தால் போதும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் பை கிடைத்தது, கிடைக்காதவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்துப் போகலாம்.